செக் நட்டு

பாத்து அண்ணாச்சி, அந்தப் பையக் காலால தள்ளாதீங்க. கனமா இருக்கும். பலகாரமான்னு கேக்கியளா? நிச்சய வீட்டுக்குப் போறவன் கையில பை இருந்தா பலகாரம்னுதான் எல்லாரும் நினைப்பாவ. அதுக்குள்ள இருக்கது நட்டு. போல்ட்டு நட்டுன்னு சொல்லுவோம்லா, அந்த நட்டுதான். நூத்தி நாலு இருக்கு, மூணரை கிலோ. துருப்பிடிக்காத சாதி. நேத்து உக்காந்து ஒவ்வொண்ணா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். கொண்டு போயி மாப்பிள்ளை வீட்டாளுவ முன்னாடி, வெத்தலத் தட்டு வச்சிருப்பாவல்லா, அந்தத் தட்டுலயே கொட்டப் போறேன். நல்லாச் சத்தம் கேக்கணும். அப்ப தஸ்நேவிஸ் மூஞ்சி எப்படிப் போவுதுன்னு நான் நின்னு பாக்கணும். அதுக்குத்தான் பஸ் ஏறி வாறேன்.

நீங்க எது வரைக்கும்? பெரியதாழையா? அப்ப நான்தான் முதல்ல எறங்குவேன், மணப்பாட்டுல. கண்டக்டர் சில்லறை கேக்கான் பாருங்க. என் சட்டைப் பையில அஞ்சு ரூவா கிடக்கும், கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன். தைக்கிறவன் பையச் சின்னதா வச்சுத் தொலைச்சுட்டான், விரல் போவ மாட்டேங்குது. ஆங், அதுதான். நல்லா இருப்பிய.

தஸ்நேவிஸ் யாருன்னு சொல்லணும்லா. தூத்துக்குடியில அவனும் நானும் ஒரே தெரு. ஒரே வள்ளத்துல போயி சங்கு குளிச்சவங்க. அவன் மூச்சடக்குனா கடல் தரையில நடந்துட்டு வருவான், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். பொறவு ஒரு கம்பெனிக்காரன் நிலக்கரிக் கப்பல் வந்து நிக்கதுக்கு கடலுக்குள்ள பாலம் போட்டான். தண்ணிக்குள்ள வேல பாக்க ஆள் வேணும்னு சங்கு குளிச்சவங்கள எடுத்தான். ரெண்டு பேரும் ஒரே நாளுல சேந்தோம். அவன் மக ஜெனிட்டாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப ஞானத்தகப்பனா நின்னு பிள்ளையக் கையில வாங்கினவன் நான். இந்த நிச்சயம் அவளுக்குத்தான். அப்படி இருந்தவன்தான் அண்ணாச்சி என் தூணுல கை வச்சான்.

தூணுல என்ன வேலன்னா, அது இரும்புத் தூணு. கடலுக்குள்ள எத ஊணுனாலும் சும்மா விடாது. மொதல்ல வழுவழுன்னு பாசி பிடிக்கும். பொறவு கொட்டலசு ஒட்டும். பாத்திருப்பியளே, பாறையில கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு காலக் கிழிக்குமே, அதுதான். அதுக்கு மேல சிப்பி. ஒரு வருஷம் விட்டா தூணு ரெண்டு மடங்கு பெருத்துரும். அலை அடிக்க அடிக்க பாலத்துக்கு பாரம். உள்ள இரும்பு அரிச்சுக்கிட்டே போவும், வெளிய தெரியாது. அதனால நாங்க தண்ணியில எறங்கி எல்லாத்தையும் சுரண்டி, பசை தடவுன துணியச் சுத்தி, அதுக்கு மேல கனமான பிளாஸ்டிக்குல ஒரு உறை போடுவோம். சட்டை போடுறதுன்னுதான் எங்களுக்குள்ள பேரு. சட்டைக்குப் பொத்தான் மாதிரி மேலருந்து கீழ வரிசையாப் பத்து போல்ட்டு. இறுக்கிப் பூட்டிட்டா உள்ள புதுத் தண்ணி போவாது. உள்ள கிடந்ததெல்லாம் மூச்சு முட்டிச் செத்துரும், புதுசா ஒண்ணும் ஒட்டாது. ஆனா ஒரு விரல் அளவுக்கு இளகிச்சுன்னு வைங்க, அவ்வளவுதான். அலை உள்ள போயி வெளிய வந்து, சட்டையே கொட்டலசுக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

இதுல எங்களுக்கு ஒரு மொறை உண்டு. யாரும் எழுதி வைக்கல, ஆனா எல்லாருக்கும் தெரியும். ஒருத்தன் சட்டை போட்ட தூண இன்னொருத்தன் தொடக்கூடாது. தூணுல நம்பர் தகடு இருக்கும், எந்த நம்பர் எவன் போட்டான்னு ஆபீஸ்ல இருக்கும். நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் போட்டவனுக்கு. அடுத்தவன் தூணுல குறை தெரிஞ்சா, மேல வந்து அவன்கிட்டச் சொல்லணும். போன மாசி பங்குனியில எனக்குப் பதினோரு தூணு குடுத்தானுவ. பதினொண்ணும் நான் போட்டது. நான் போட்டா அது கிடக்கும், அண்ணாச்சி. இருபது வருஷமா என் பேருக்கு ஒரு சொல்லு வந்ததில்ல.

அந்தப் பங்குனியில ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் மேல சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். தஸ்நேவிஸக் காணல. நான் கை கழுவ ஓரமாப் போயி எட்டிப் பாத்தா, என் தூணு பக்கத்துல ஒரு தலை மேல வருது, மூச்சு வாங்குது, திரும்ப உள்ள போவுது. காத்துக் குழாய் இல்ல, மேல இருந்து பிடிக்க ஆள் இல்ல. பழைய சங்கு குளி மாதிரி மூச்சடக்கிப் போறான். திருட்டு வேல பாக்கவன் அப்படித்தான போவான்? நான் ஒண்ணும் கேக்கல. மறுநாளும் பாத்தேன். அதுக்கு மறுநாளும் போறான். சாப்பாட்டத் தூக்குச் சட்டியில அப்படியே வச்சிட்டுப் போறான் படுபாவி.

இப்படியே போச்சு, பன்னெண்டாவது நாள் எறங்கி என் தூணப் பாத்தேன். என்ன செஞ்சிருக்கான்னு நினைக்கிய? நான் போட்ட ஒவ்வொரு நட்டுக்கு மேலயும் இன்னொரு நட்டு போட்டு இறுக்கியிருக்கான். செக் நட்டுன்னு சொல்லுவோம். முதல் நட்டு அதிர்ச்சியில இளகுனாலும் மேல இருக்கது விடாது, அதுக்குப் போடுறது. பதினோரு தூணு, பத்துப் பத்து போல்ட்டு. நூத்திப் பத்து நட்டு. ஒரு மூச்சுக்கு ஒண்ணுன்னு வச்சாலும் எத்தன மூச்சு, நீங்களே சொல்லுங்க. என்னைக் கெடுக்கணும்னா மனுசன் எவ்வளவு பாடும் படுவான்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

என்ன கெடுதல்னு கேக்கியளா? என் வேலைக்கு எதுக்கு அண்ணாச்சி செக் நட்டு? அவன் தூணுல போய்ப் பாத்தேன், அங்க ஒத்த நட்டுதான். அவன் வேல ஒத்த நட்டுல நிக்கும், இந்தக் கஸ்பார் வேல நிக்காதுன்னு ஊருக்குச் சொல்லுதான். நாளைக்கு பெரிய என்ஜினியர் வந்து பாக்கையில, ‘நான் மட்டும் இல்லன்னா இது கழண்டு விழுந்திருக்கும் சார்’னு காட்டதுக்கு இப்பமே அடையாளம் வைக்கான். எனக்கு நெஞ்சு எரிஞ்சுட்டு. அன்னைக்கே முடிவு பண்ணினேன், இவன தண்ணிய விட்டு ஏத்தாம விடமாட்டேன்னு.

ஏன்னா அவன் என்னையத் தண்ணிய விட்டு ஏத்தப் பாத்தான். அதுதான் ஆரம்பம். அதுக்கு முந்தின வருஷம் நூறடி ஆழத்துல நங்கூர வேல ஒண்ணு. முடிச்சுட்டு ரெண்டு பேரும் ஏறுறோம். அவன் நடுவுல நின்னுக்கிட்டு ‘நில்லு, நில்லு, மெதுவா’ன்னு கையக் காட்டுதான். நான் எதுக்கு நிக்கணும்? முதல்ல மேல வந்து ‘முடிஞ்சுது சார்’னு சொல்லுதவன் பேருதான நிக்கும். ஆழத்துலருந்து வேகமா ஏறினா ரத்தத்துல காத்து அடைச்சுக்கிடும்னு சொல்லுவாவ, நான் விறுவிறுன்னு ஏறிட்டேன். அன்னைக்கு ராத்திரி கை கொஞ்சம் குடைஞ்சுது, வலது கையில மூணு விரல் மரத்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். இப்பவும் வாடைக் காத்துன்னா லேசா இருக்கும், எல்லாருக்கும் இருக்கதுதான். ஆனா தஸ்நேவிஸ் விடமாட்டான். பாக்கும்போதெல்லாம், ‘கஸ்பாரு, கை எப்படி இருக்கு? ஒருக்கா டாக்டர்ட்டக் காட்டுல’ன்னு கேப்பான். டாக்டர்ட்டப் போனா அவன் கார்டுல எழுதுவான். கார்டுல எழுதினா கம்பெனிக்காரன் தண்ணியில எறங்க விடமாட்டான். அதுதான இவனுக்கு வேணும். என் கையப் பத்தி இவனுக்கு என்ன அக்கறை?

இந்தத் தண்ணி பாட்டில் மூடியக் கொஞ்சம் திறந்து குடுங்க அண்ணாச்சி. இப்ப வார மூடியெல்லாம் பசை போட்டு ஒட்டித்தான் அனுப்புதானுவ.

ஆங். என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? நேரா பத்மநாபன் சார்கிட்டப் போனேன். அவருதான் எங்களுக்கு என்ஜினியர். ‘சார், தஸ்நேவிஸ் சாப்பாட்டு நேரத்துல யாருக்கும் தெரியாம தண்ணியில எறங்குதான், ஸ்டோர்லருந்து நட்டத் திருடி என் தூணுல போட்டு வேலையக் கெடுக்கான்’னு சொன்னேன். அவனக் கூப்பிட்டாவ. திருட்டு இல்லன்னு ஆயிட்டு, அதச் சொல்லணும். சொந்தக் காசுல கடையில வாங்குனேன்னு பில்ல எடுத்துக் காட்டினான். நீங்க சொல்லுங்க, இந்த உலகத்துல எவனாவது சொந்தக் காசுல நட்டு வாங்கி அடுத்தவன் தூணுல போடுவானா? அதுலயே அவன் புத்தி தெரியலியா?

சார் கேட்டாரு, ‘அவர் தூண்ல நீ எதுக்குய்யா நட்டு போட்ட?’

அவன் என்னப் பாத்தான். என் மூஞ்சியப் பாக்கல, கையப் பாத்தான். நான் கையக் கட்டிக்கிட்டேன்.  பொறவு, ‘சும்மாதான் சார்’னான். சும்மாவாம். கள்ளனுக்கு வேற என்ன பதில் வரும்? சார் ரெண்டு தடவ, மூணு தடவ கேட்டாரு. ‘காரணம் இருந்தா சொல்லு, நான் மேல பேசுதேன்’னு கூடச் சொன்னாரு. அதுக்கும் அதே சும்மாதான். திருட்டு இல்லன்னாலும் காத்துக் குழாய் இல்லாம, ஆள் இல்லாம எறங்குனது பெரிய குத்தம். செத்துக் கித்துப் போனா கம்பெனிக்காரன்லா பதில் சொல்லணும். உள்ள வாறதுக்கான கேட் பாஸ அங்கேயே வாங்கி வச்சுக்கிட்டானுவ. இருபது வருஷம் ஒண்ணா எறங்குனவன், பையத் தூக்கிக்கிட்டு வெளிய போறான். எனக்குப் பாயசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

வாசல் கேட்டுக்கிட்ட வச்சு என்கிட்ட வந்தான். ஏசுவான்னு பாத்தேன், ஏசட்டும், நாலு பேரு முன்னாடி பதில் குடுப்போம்னு நின்னேன். ஏசல. ‘கஸ்பாரு, அந்த நட்டக் கழட்டிராத. காத்துக் காலம் முடியுற வரைக்குமாவது கிடக்கட்டும்’னான். போற போக்குலயும் எனக்குப் புத்தி சொல்லுதான் பாத்தியளா. மறுநாளே கழட்ட ஆரம்பிச்சேன். கழட்டுறது ஒண்ணும் பெரிய வேல இல்ல, ஸ்பேனரப் பிடிச்சு மணிக்கட்டால திருப்புனாப் போதும். ஆறு நட்டு கையிலருந்து நழுவிக் கடலுக்குள்ள போயிட்டு, அன்னைக்குத் தண்ணி கலங்கல். மிச்சம் நூத்தி நாலையும் ஒண்ணு விடாம மேல கொண்டு வந்தேன். ஒரு நாளைக்கு இதுவளுக்கு வேல வரும்னு எனக்கு அப்பமே தெரியும்.

அவன் குடும்பத்தோட மணப்பாட்டுக்கு வந்துட்டான், பொண்டாட்டி ஊரு. இப்ப எவனோ ஒருத்தன் வள்ளத்துல கூலிக்குப் போறானாம். போவட்டும். ஆனா அத்தோட என் வயித்தெரிச்சல் தீந்துதான்னா, தீரல. ஏன்னா அவன் போன பொறவும் என்ன விடல.

ஆனி ஆடியில மேக்கேருந்து கச்சான் காத்து அடிச்சுதுல்லா. ஐப்பசியில பெரிய என்ஜினியர் மெட்ராஸ்லருந்து வந்து தண்ணிக்குள்ள கேமரா விட்டுப் பாத்தாரு. என் பதினோரு தூணுல ஏழு தூணு சட்டை வாயப் பிளந்து கிடக்கு. ஒண்ணு பாதி கிழிஞ்சு ஆடுது. உள்ள கொட்டலசு இந்தத் தண்டிக்கு, விரல் கனம். போல்ட்டுல பாதி நட்டே இல்லை. டிவியில ஒவ்வொண்ணாக் காட்டுதான், தகட்டு நம்பரைப் படிக்கான், ‘இது யாரு? இது யாரு?’ன்னு கேக்கான். ஏழு தடவையும் என் பேரு. எத்தன பேரு நிக்கான் தெரியுமா அந்த ரூம்ல. எனக்கு அப்படியே கடலுக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு. 

தஸ்நேவிஸ் தூணுவளா? அதுவளுக்கு ஒண்ணும் ஆவல. ஒத்த நட்டுலயே கல்லு மாதிரி நிக்கி. இதுலயே சூழ்ச்சி தெரியுதா இல்லியா? ஒரே கடல், ஒரே காத்து, ஒரே போல்ட்டு. அவனோடது நிக்கி, என்னோடது கழண்டுட்டு. அப்படின்னா அந்த நூத்திப் பத்து நட்டையும் போடுத சாக்குல என் போல்ட்டு மரையக் கெடுத்துட்டுப் போயிருக்கான்னுதான அர்த்தம்? நான் இதச் சொன்னா பத்மநாபன் சார் என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு. ‘கஸ்பார், ஒரு தடவ டாக்டர பாத்துட்டு வந்துருங்க, பொறவு பேசுவோம்’ங்காரு. அவருக்கும் சொல்லிக் குடுத்துட்டான் பாருங்க. ஐப்பசியிலருந்து நான் கரையிலதான் இருக்கேன். மத்தவனுவ எறங்குத காத்துக் குழாயக் கழுவிச் சுருட்டி வைக்கேன். இருபது வருஷம் கடலுக்குள்ள இருந்தவன் குழாய் கழுவுதேன். டாக்டர்ட்டப் போவல. போவவும் மாட்டேன்.

இந்த நேரத்துல நிச்சயத்துக்குச் சொல்லி விடுதான். அவனே போன் பண்ணுதான், ‘ஞானத்தகப்பன் இல்லாம வெத்தல மாத்த மாட்டோம், நீ வந்தாத்தான்’ங்கான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. என் வேலையும் கெடுத்து, என் வாழ்க்கையும் கெடுத்து, நான் தோத்ததப் பாக்க என்னையே கூப்பிடுதான். வாறேன்னு சொன்னேன். கட்டாயம் வாறேன்னு சொன்னேன்.

வீட்டுல எம் பொண்டாட்டி புஷ்பம் மூணு நாளா என்கூடப் பேசல. ‘அந்தப் பையோட போறதா இருந்தா நான் வரல, ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணப் போடாதீங்க’ன்னு அழுவுதா. அந்த அண்ணன் பாவம்ங்கா. எவன் பாவம்? காலையில சட்டைக்குப் பொத்தான் மட்டும் போட்டு விட்டா, அது எப்பவும் அவதான் போட்டு விடுவா, பொம்பளைங்களுக்கு அப்படி ஒரு ஆசை. நான் வீட்டுல தலை வழியா மாட்டுற பனியன்தான் போடுறது. பையக் கட்டித் தாடின்னா, ‘இத என் கையால கட்ட மாட்டேன்’னுட்டா. நானே கட்டிக்கிட்டேன். எனக்கு முடிச்சுப் போடத் தெரியாதா?

இன்னொண்ணு கேளுங்க, அதக் கேட்டா உங்களுக்கே கோவம் வரும். நேத்து ஜெனிட்டா போன் பண்ணினா. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல, என் கையில வாங்குன பிள்ள அது. ‘மாமா, உங்களுக்குத் துணி எடுத்திருக்கோம், அப்பாவே கடைக்கு வந்து எடுத்தாவ’ன்னா. என்ன துணிம்மான்னேன். ‘ஜிப்பா மாமா. அப்பா கடையெல்லாம் ஏறி எறங்கி, பொத்தானே இல்லாததாப் பாத்து எடுத்தாவ’ங்கா. கேட்டியளா? ஞானத்தகப்பனுக்கு எடுத்தா முழுக்கைச் சட்டையும் வேட்டியும் எடுக்கதுதான் எங்க வழக்கம். சபையில எல்லாரும் சட்டை போட்டு நிக்கையில நான் பொத்தான் இல்லாம நிக்கணுமாம். இப்படித் தேடித் தேடி ஒருத்தன அவமானப்படுத்த முடியுமா? அந்தப் பிள்ள குரலக் கேட்டதும் கொஞ்சம் மனசு இளகத்தான் செஞ்சுது. இந்த ஜிப்பாவக் கேட்டதும் திரும்ப இறுகிட்டு.

குலசை தாண்டிட்டா? அந்தா பாருங்க, மணல் மேட்டு மேல கோயில் சிலுவை தெரியுது. வந்துட்டு. வழி விடுங்க, நான் எந்திக்கேன். பையத் தாங்க.

ஐயோ. அண்ணாச்சி, பிடிங்க, பிடிங்க. அவுந்துட்டு. எல்லாம் உருண்டு ஓடுது பாருங்க. டிரைவர் அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க. அம்மா, உங்க காலுக்கடியில ரெண்டு கிடக்கு. அந்த சீட்டுக்குக் கீழயும் போயிட்டு. கொஞ்சம் எல்லாரும் எடுத்துக் குடுங்கய்யா, நல்லா இருப்பிய. எனக்கா? நானும் எடுத்துக்கிட்டுத்தான இருக்கேன். இது தகரத் தரை, வழுக்குது, கைக்குச் சிக்க மாட்டேங்குது. எண்ணெய் வேற போட்டுத் துடைச்சுட்டேன்லா. விடுங்க, நீங்களே எடுங்க.

எல்லாம் வந்துட்டா? போதும், ஒண்ணு ரெண்டு போனாப் போவுது. பைய நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க வாயக் கட்டுங்க. கயித்துல தப்பு, வேற ஒண்ணும் இல்ல, நைலான் கயிறு எவன் கட்டுனாலும் நிக்காது. நல்லா இழுத்துக் கட்டுங்க. ஒத்த முடிச்சு போதாது அண்ணாச்சி. அதுக்கு மேலயே இன்னொண்ணு போட்டு இறுக்குங்க. கீழ உள்ளது இளகுனாலும் மேல இருக்கது விடாது.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கிய? சீக்கிரம் போடுங்க, ஸ்டாப்பு வந்துட்டு. தஸ்நேவிஸ்தான் அந்தா நிக்கான், என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்.